அச்சத்தினால் அன்று, அன்பினால் அறம்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



சாமி கும்பிடாத பிள்ளை கெட்டுப்போவான் என்று நம் வீடுகளில் பெற்றோர் அஞ்சுகின்றனர். கடவுளை விட்டுவிட்டால் ஒழுக்கத்தைத் தாங்குவது எது, வாழ்வுக்குப் பொருள்தான் எது என்பது அவர்கள் கவலை. அது எள்ளி நகையாடத்தக்கதன்று. நாம் விடைகூற வேண்டிய கேள்வியாகும்.

மதப்பற்று ஒன்றே அறத்தைக் காத்துவிடுமா? 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர், மகாத் நகரில் திரளான மக்களுடன் சென்று சவுதார் பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகினார். அதற்காக அம்மக்கள் தாக்கப்பட்டனர். பின்னர்ச் சாதி இந்துக்கள், பாலும் தயிரும் சாணமும் கோமியமும் 108 குடங்களில் கொணர்ந்து ஊற்றி, மந்திரம் ஓதிக் குளத்தின் ‘தீட்டு’க் கழித்தனர். அவர்கள் நாத்திகர் அல்லர், பக்தர்களே. மனிதனை அடித்ததில் அவர்கள் குற்றம் காணவில்லை. அவன் கை நீரில் பட்டதிலேதான் குற்றம் கண்டனர். பக்தி வேறு, அறம் வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, கடவுள் நம்பிக்கையின்றி அறம் நிற்குமா? ஆந்திர நாட்டில் கோரா என்னும் பெரியார் வாழ்ந்து காட்டினார். 1902இல் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, தாவரவியல் பயின்று, கல்லூரி ஆசிரியரானவர். நாத்திகக் கருத்துக்காக வேலையை இழந்தார். 1940இல் துணைவியார் சரசுவதியுடன் முதுனூர்ச் சிற்றூரில் நாத்திக மையத்தை நிறுவி, தீண்டாமையை எதிர்த்துச் சமபந்தி விருந்துகள் நடத்தினார். தம் மகளைத் தாழ்த்தப்பட்ட குலத்து இளைஞருக்கு மணம்செய்விக்க முன்வந்தார். அத்திருமணத்தை நடத்திவைக்கக் காந்தியடிகள் இசைந்தார். கடவுள் பெயருக்கு மாறாகச் சத்தியத்தின் பெயரால் நடத்தவும் உடன்பட்டார். 1948 சனவரியில் அடிகள் கொல்லப்பட்டார். எனினும் அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் சேவாகிராமத்தில் அம்மணம் நிறைவேறியது. நரகத்துக்கு அஞ்சியோ மோட்சத்தை விரும்பியோ கோரா இதனைச் செய்யவில்லை; மனிதர் யாவரும் ஒன்றென்று தெளிந்ததாலேயே செய்தார்.

இளைஞர்களே, கடவுள் இல்லை என்று மேடையில் முழங்குவது எளிது. அதன்பின் வாழ்வதே கடினம். ஒருவனுக்குத் தீங்கிழைத்துவிட்டு உண்டியலில் காசு போட்டுப் பரிகாரம் தேட உங்களுக்கு வழியில்லை. எவனுக்குத் தீங்கிழைத்தீர்களோ, அவன் வாயிலில் நின்றே மன்னிப்புக் கேட்டாக வேண்டும். பகுத்தறிவு பேசிவிட்டு வரதட்சிணைக்குக் கைநீட்டுபவனும், கூலிப் பணத்தைக் கள்ளுக்கடையில் தொலைத்துவிட்டு மனைவியை அடிப்பவனும் மதத்தை விட்டிருக்கலாம். மானத்தையும் சேர்த்தே விட்டவர்கள்.

வாழ்வின் பொருளை யாரும் மேலிருந்து நமக்கு இறக்கித் தருவதில்லை. எழுத்தறியாத தாய் ஒருத்திக்கு மனு எழுதிக் கொடுப்பதில் அது இருக்கிறது. தான் ஏறிய படியில் அடுத்தவன் பிள்ளையைக் கைதூக்கி ஏற்றுவதில் இருக்கிறது. அத்தகையோரின் உழைப்பாலன்றோ இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டு கண்டது!

வழிபடும் பெரியோரை நான் இகழவில்லை. வழிபடுவோரும் வழிபடாதோரும் ஒரே அளவுகோலால் அளக்கப்படட்டும்: நம்மால் ஒரு மனிதன் தலைநிமிர்ந்தானா, தலைகுனிந்தானா? இக்கேள்வியை நாள்தோறும் இரவில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள் என வேண்டி அமர்கிறேன்.