அழுகைக்கு ஓர் அவை

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தின் அன்பர்களே!

இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கும் அழுகை பிறக்கும் களன்கள் என்பது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். நம் காவிரிப் படுகையில் இவற்றுள் இழவுக்கு மட்டுமே அழுவதற்கோர் அவை உண்டு. அதுவே ஒப்பாரி. பெண்கள் தோளோடு தோள் சேர்த்து வட்டமாய் அமர்கின்றனர். இறந்தவர்க்கெனத் தொடங்கும் பாட்டில் அவரவர் பட்ட துயரும் வந்து கலக்கிறது. எவரும் இடைமறிப்பதில்லை, உடன் அழுகின்றனர்.

மேலைநாட்டு மருத்துவம் இவ்வழிக்கு 1905ஆம் ஆண்டில் வந்தது. பாஸ்டன் நகர மருத்துவர் ஜோசப் பிராட் காசநோயாளரைக் குழுவாக அமர்த்தினார். குழுவழி உளச்சிகிச்சையின் தொடக்கம் அதுவென்பர். இத்துன்பம் தனக்கு மட்டும் உரியதன்று என உணர்வதே அதன் தலையாய பயன்களுள் ஒன்று என்பார் உளமருத்துவர் இர்வின் யாலோம். பயிற்சி பெற்றவர் அக்குழுவை நடத்துவார். அங்குப் பேசியது வெளியே செல்லாது.

முன்னிருந்த நிலை கெட்டு வருந்துதலே அசைவு. 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகள் ஓரிரவில் சாய்ந்தன. விழுந்த மரங்களை எண்ணி இழப்பீடு வழங்கினர். வளர்த்தவர் மனத்தை எந்த அவை கேட்டது? சாய்ந்த மரத்துக்கு ஒப்பாரி வைக்கும் வழக்கம் உழவனுக்கு இல்லையே!

ஆழ்ந்த மனச்சோர்வுக்கு மருத்துவர் வேண்டும். அவரிடம் செல்லும் துணிவு, முதலில் ஒருவர் செவிகொடுத்தால் பிறக்கும். திங்கள்தோறும் ஓர் அமர்வில் யாப்பையும் திறனாய்வையும் ஒதுக்கிவைத்து, உழவர் பேச நாம் கேட்போம். பதினோராம் ஆண்டை இவ்வட்டம் அவ்வாறு தொடங்குக.