மண்ணுக்குள் மின்சாரம் சொல்லும் சேதி

சிராங்கூன் சாலையில் தீபாவளிச் சாமான் வாங்குபவர் காலடி மண்ணைப் பற்றி யோசிப்பதில்லை. கட்டடம் எழுப்புபவர் யோசித்தாக வேண்டும். ரோச்சோர், காலாங் பக்கம் கடல் களிமண். புக்கிட் தீமா பக்கம் கருங்கல்.

தரையில் நான்கு கம்பிகளை அடித்து, வெளி இரண்டில் மின்சாரம் செலுத்தி, உள் இரண்டில் மின்னழுத்தம் அளக்கிறார்கள். இடைவெளியைக் கூட்டக் கூட்ட ஆழம் தெரியவரும். கடல் களிமண்ணின் தடை சில ஓம்-மீட்டர்தான். உடையாத கருங்கல் ஆயிரத்தைத் தாண்டும்.

சிக்கல் பிறகுதான். எண் குறைந்தால் களிமண்ணா, உப்புநீர் ஊறிய மணலா? புதைந்த குழாயாகக்கூட இருக்கலாம். கணினி தரும் வண்ணப் படமோ எல்லாம் தெரிந்ததுபோல் பளபளக்கும்! அதனால் அறிக்கையில் அளந்தது எது, ஊகித்தது எது என்று பிரித்து எழுத வேண்டும். எங்கே துளையிட்டுச் சரிபார்ப்பது என்றும் குறிக்க வேண்டும். "துளைக்குச் செலவு எதற்கு, உறுதியாகச் சொல்லிவிடுங்கள்" என்பார் வாடிக்கையாளர். நிபுணர் அங்கே வளையக்கூடாது.

2004 ஏப்ரல் 20ஆம் தேதி நிக்கல் நெடுஞ்சாலையில் வட்டப்பாதை ரயிலுக்கான பள்ளம் சரிந்தது. அதற்குக் காரணம் மின்தடை ஆய்வு அல்ல, தற்காலிகத் தாங்குசுவரின் வடிவமைப்புப் பிழை. ஆனால் முன்கூட்டியே தெரிந்த எச்சரிக்கைகள் உரியபடி கவனிக்கப்படவில்லை என்றது விசாரணைக் குழு. மாண்டவர் நால்வர். ஒருவரின் உடல் கிடைக்கவே இல்லை.