கப்பல்காரங்க தாடியும் எண்ணூர் காத்தும்

உப்புப் போர் தண்ணியில ஷேவ் பண்ணியிருக்கீங்களா? நம்ம வடசென்னை ஆளுங்களுக்குத் தெரியும், சோப்பு நுரைக்கவே நுரைக்காது. தண்ணியில இருக்குற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போட சேர்ந்து திப்பித்திப்பியா ஆயிடும். கடல் தண்ணி இன்னும் மோசம்.

பாய்மரக் கப்பல் காலத்துல நல்ல தண்ணி பீப்பாயில இருந்து அளந்துதான் கிடைக்கும். ஆடுற கப்பல்ல சவரக்கத்தி வேற! தாடியை வளர விடுறதுதான் புத்திசாலித்தனம். ஆனா பிரிட்டிஷ் கடற்படை அதை முறைப்படி அனுமதிச்சது 1869-லதான். தாடியும் மீசையும் சேர்ந்தே இருக்கணும், இல்லன்னா ரெண்டையும் மழிக்கணும். நம்ம இந்தியக் கடற்படையிலயும் மேலதிகாரிகிட்ட அனுமதி வாங்கித் தாடி வளர்க்கலாம்.

எங்க பெரியப்பா பையன், எனக்கு அண்ணன், ஆயில் டேங்கர்ல வேலை. லீவுக்கு மழமழன்னு வந்து நின்னாரு. "என்னண்ணா, தாடி எங்க?"ன்னேன்.

"தீப்பிடிச்சாலோ கேஸ் கசிஞ்சாலோ, காத்து சிலிண்டரை முதுகுல மாட்டி, மாஸ்க் போட்டுத்தான்டா உள்ள போகணும். தாடி இருந்தா மாஸ்க் மூஞ்சியில சரியா பதியாது. அந்த இடுக்கு போதும்"னாரு.

உடனே 2023 டிசம்பர் 26 ராத்திரிதான் ஞாபகம் வந்துச்சு. கப்பல்ல இருந்து அமோனியா கொண்டுவர்ற கடலடிக் குழாய் எண்ணூர் பெரியகுப்பம் பக்கத்துல கசிஞ்சுது. ஜனங்க தூக்கத்துல எழுந்து மூச்சுத் திணறி ரோட்டுக்கு ஓடி வந்தாங்க.

கப்பல்ல இருக்குறவருக்கு மாஸ்க் இருக்கு, பயிற்சி இருக்கு. அதே சரக்கு கரைக்கு வர்ற இடத்துல குடியிருக்குற நமக்கு?