வயலே ஆய்வுக்கூடம்



சூழலியலைப் பள்ளிதோறும் கட்டாயப் பாடமாக்குமாறு 1991-இல் இந்திய உச்சநயன்மன்றம் பணித்தது. ஆயினும், வேளாண்மையோடு இணையாத சூழலியல் வெற்றேட்டுக் கல்வியே. தழையை வளர்ப்பது தழையூட்டம். மணியைத் திரட்டுவது மணியூட்டம். சாம்பலிற் செறிந்திருப்பது சாம்பலூட்டம். பெயரிலேயே பாடம் அடங்கியிருக்கிறது!

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழையூட்டம். பயிர் உண்டது போக எஞ்சியதில் ஒரு பகுதி நீரோடு கீழிறங்கிக் கிணற்றைக் கெடுக்கும். கொளுஞ்சியோ, வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள தழையூட்டத்தையே ஈட்டும். மடக்கி உழுதால் அது மண்ணுக்கு உரமாகும்.

இவ்விரண்டையும் உயர்நிலைப்பள்ளி மாணவர் பாத்தியிலிட்டு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கண்டதைத் தமிழிலேயே எழுதட்டும். உழவர் பேசும் சொல்லில் அறிவியல் வளர்ந்தால், மண்ணும் பிழைக்கும், மொழியும் தழைக்கும்!