யானை வழியில் வாசல் வைக்காதீர்கள்



"காடு காடு என்கிறீர்களே ஐயா, எங்கள் வீட்டு அடுப்பு எரிய வேண்டாமா?" மேடை ஏறுமுன் ஒரு தம்பி கேட்டார். எரிய வேண்டும் தம்பி. அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

நம் மசினகுடி இருக்கும் இடத்தைப் பாருங்கள். தெற்கே நீலகிரியின் செங்குத்துச் சரிவு. வடக்கே மாயாற்றின் கிடுகிடு பள்ளம். நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது சீகூர் மேட்டுநிலம். மேற்கு மலைக்கும் கிழக்கு மலைக்கும் இடையே நடக்கிற யானைக்கு இதை விட்டால் வேறு போக்கிடம் ஏது? அந்த வழியை மறித்துத்தான் மின்வேலி போட்டார்கள், விடுதி கட்டினார்கள்.

2010-இல் அரசு யானை வழித்தடத்தை அறிவித்தது. 2011-இல் உயர் நீதிமன்றம் அது சரி என்றது. விடுதிக்காரர்கள் டெல்லிக்குப் போனார்கள். 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றமும் யானையின் பக்கமே நின்றது.

மூன்று மாதம் கழிந்தது. இதே மசினகுடியில், ஒரு விடுதிப் பக்கம் வந்த யானையின் தலையில் நெருப்பை வீசினார்கள். ஏற்கெனவே முதுகில் புண்ணோடு திரிந்த யானை அது. காதில் தீ பற்ற, கதறிக்கொண்டு ஓடியதை நாடே வீடியோவில் பார்த்தது. தெப்பக்காடு யானை முகாமுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. யானையைப் பார்க்கத்தானே அய்யா ஊருக்கு ஆள் வருகிறான்? அந்த யானையையே கொளுத்திவிட்டு எதைக் காட்டிப் பிழைப்பது?

சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வழித்தடத்துக்குள் ஒரு செங்கல்கூடக் கூடாது என்கிறேன். வருகிறவர்கள் ஊருக்குள், நம் வீடுகளில் தங்கட்டும். வாடகை நம் பெண்கள் கைக்கு வரட்டும். காட்டின் ஒவ்வொரு தடமும் தெரிந்த இருளரும் குறும்பரும் இருக்க, வழிகாட்டி வேலைக்கு வெளியூர் ஆள் எதற்கு? நாளுக்கு இத்தனை வண்டிதான் என்று கணக்கு வையுங்கள். உதகைக்கு வரும் வண்டிகளுக்கு 2024 மே மாதமே இ-பாஸ் வந்துவிட்டது, இங்கே மட்டும் கணக்கு கூடாதா?

ஜீப் தம்பிகளே, உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொண்டாலும் சரி. இருட்டில் விளக்கடித்து யானையைத் துரத்திக் காட்டும் சவாரியை இன்றோடு நிறுத்துங்கள். குட்டியோடு நிற்கும் தாய் மிரண்டால், மறுநாள் அதே பாதையில் பள்ளிக்கூடம் போவது நம் பிள்ளைதான்.

வழித்தடத்தைக் காக்கவும் வண்டிக்குக் கணக்கு வைக்கவும் கேட்டு, திங்கட்கிழமை உதகையில் ஆட்சியரிடம் மனு கொடுக்கிறோம். தாள் இதோ மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்து ஜீப் ஓட்டுநர்களுடையதாக இருக்கட்டும். வாருங்கள் தம்பிகளே, மேலே வாருங்கள்.