கயலும் பாதரசமும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



காவிரியைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். காவிரியைப் பாட வந்த புலவர்க்கு மீன் இன்றி அமையாது. மங்கையர் கண்ணுக்குக் கயல். வயல் வளத்துக்குத் துள்ளும் வாளை. அம்மா மண்டபத் துறையில் நீராடியவர் யாவரும் காலைக் கடிக்கும் சிறுமீனை அறிவர். இன்று அம்மீனை உவமையாக அன்றி, உயிராகவும் உணவாகவும் எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

பாதரசமும் நமக்குப் புதிதன்று. சித்தர்கள் அதனை மணியாகக் கட்ட முயன்றனர். கையில் நில்லாது ஓடுவது அதன் இயல்பு. அவ்வியல்பை நம் காலத்தில் கோடைக்கானல் கண்டது. அங்கே வெப்பமானி செய்த இந்துஸ்தான் லீவர் தொழிற்சாலை, பாதரசக் கழிவு வெளியே கிடந்தது தெரியவந்தபின் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. ஐதராபாத்திலுள்ள அணுசக்தித் துறை மையத்தினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கோடை ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருந்ததைக் காட்டினர்.

மீனுக்குள் அது புகுந்த வழி யாது? நீரடிச் சேற்றில் காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மீத்தைல் பாதரசமாக மாற்றுகின்றன. பாசி அதனை ஏற்கிறது; பாசியை நுண்புழுக்கள் உண்கின்றன; அவற்றைக் கெண்டைக் குஞ்சும், குஞ்சை வாளையும் விராலும் உண்கின்றன. உண்டது எளிதில் வெளியேறுவதில்லை. ஆதலால் படிதோறும் ஏறி, பெருமீனின் தசையில் நீரிலிருப்பதைப் போல் பல இலட்சம் மடங்காகத் திரள்கிறது. நிறமில்லை, மணமில்லை. கழுவினாலும் கொதிக்க வைத்தாலும் நீங்குவதில்லை. கண்ணுக்குத் தெளிந்த ஆற்றிலும் இது நிகழலாம்.

கோடைக்கானல் ஆலையடியில் பிறக்கும் பாம்பாற்றின் நீர் வைகைப் படுகையைச் சேர்வது, காவிரிக்கு வருவதன்று. எனினும் ஆற்றங்கரையில் வாழும் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று சப்பானில் உண்டு. மினமாட்டா என்னும் கடற்கரை ஊரில் 1956இல் இந்நோய் வெளிப்பட்டதைப் பலர் அறிவர். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1965இல், நீகாத்தாப் பகுதியில் அகானோ ஆற்றின் முகத்துவாரத்தை அடுத்த ஊர்களில் அதே நோய் தோன்றியது. கழிவை விட்ட ஆலையோ ஏறத்தாழ 60 கிலோமீட்டர் மேலே இருந்தது. ஆற்று மீனை நம்பி உண்டவர்களின் கைகால்கள் மரத்தன, பார்வை சுருங்கியது. மினமாட்டாவில், தாய் நலமாகத் தோன்றியும் கருவிலிருந்த மகவு மூளை நலிந்து பிறந்தது. மேலே விட்டவன் ஒருவன்; கீழே உண்டவன் வேறொருவன்.

முக்கொம்பில் பிரிந்து திருவரங்கத்தை அணைத்துச் செல்லும் ஆற்றின் கரையில் நாமும் கீழே வாழ்பவர்களே. நமக்கு மேலே எத்தனையோ நகரங்கள், ஆலைகள். மீனைக் கண்டு அஞ்ச வேண்டும் என்று கூறவில்லை; மீன் ஏழையின் நல்லுணவு. அச்சம் வலைஞரின் பிழைப்பைக் கெடுக்கும். அறிவு அதனைக் காக்கும். ஆதலால் முக்கொம்பு முதல் கல்லணை வரை பிடிபடும் மீனை, சிறப்பாக வாளையையும் விராலையும், ஆண்டுதோறும் சோதித்து, முடிவைத் தமிழில் அறிவிக்க வேண்டும் என்று கேட்போம். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றுக்கொண்டது. கேட்கும் உரிமை நமக்குண்டு. உடைந்த வெப்பமானியையும் குழல் விளக்கையும் ஆற்றங்கரையில் எறியாதிருப்பது நம் கடமை.

ஆறு தான் சுமந்ததைக் கடலில் விட்டு மறந்துவிடும். மீன் மறப்பதில்லை. கயலைப் பாடிய மொழிக்கு அதனைக் காக்கும் கடனும் உண்டு.