காப்புறுதிப் பத்திரத்தைப் படித்துப் பாருங்கள்



விடியுமுன் பிரட்டுக்கு ஓட்டி வரும் மோட்டார் சைக்கிளுக்கும் காப்புறுதி கட்டாயம் என்கிறது மலேசியாவின் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், 90ஆம் பிரிவு. மீறினால் அபராதம் உண்டு, சிறையும் உண்டு.

ஆனால் சட்டம் கேட்பது என்ன? நம் வண்டியால் பிறர் இறந்தாலோ காயமடைந்தாலோ ஈடு கொடுக்கும் காப்புறுதி மட்டுமே. நம் காயத்தையும் வண்டிச் சேதத்தையும் அது ஏற்காது.

"விழுந்தேன், கிராணியாரே, பணம் வருமல்லவா?" என்று பத்திரத்தை நீட்டினார் ஒரு தோழர். படித்துக் காட்டினேன்; முகம் வாடிவிட்டது. அவர் விழுந்தது வேலைக்கு வரும் வழியில். ஆகவே சொக்சோவுக்கு மனு எழுதினோம்.

பத்திரம் காலாவதியானபின் ஒருவரை மோதினால், நஷ்டஈடு நம் தலையில்தான் விழும். இன்றே வீட்டுக்குப் போய்த் தேதியைப் பாருங்கள். எழுத்துப் புரியாவிட்டால் கிளைக்கு எடுத்து வாருங்கள், சேர்ந்து படிப்போம்.